உருள்பொட்டலும் பொட்டலும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முனையில், மழைமறைவு நிலத்தில் அமைந்தது எங்கள் எருத்தேன்பதி. ஆட்சி கேரளத்துடையது, வீட்டுமொழி தமிழ். வானிலை எச்சரிக்கைகளோ மாவட்டத்தை அலகாகக் கொண்டு, என் அம்மாவின் கைப்பேசிக்கு மலையாளத்தில் வருகின்றன.

முதற்சிக்கல் அலகு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பெய்தால் அது கனமழை. அதற்கான நிறம் மாவட்டம் முழுமைக்கும் ஒன்றே. ஆனிமாதத்தில் மேற்கே பட்டாம்பி நனையும்போது எங்களுக்குக் காற்று மட்டுமே மிஞ்சுவதுண்டு. இப்படிப் பலமுறை பொய்த்த நிறத்தை ஊரார் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, அந்த நிறம் எங்களுக்கும் உரியதாக இருந்தது.

இரண்டாம் சிக்கல் சொல். தமிழ்வழியில் பயின்ற என் பெற்றோர் தலைமுறையினர் பலர் மலையாளம் பேசுவர், படிக்க இயலாது. படித்துக் காட்டினாலும் தடை தீர்வதில்லை. ‘உஷ்ணதரங்கம்’ என்பதில் உஷ்ணம் புரியும், தரங்கம் புரியாது. நிலச்சரிவைக் குறிக்கும் ‘உருள்பொட்டல்’ இன்னும் நுட்பமானது. மலையாளத்தில் பொட்டல் என்றால் வெடித்தல். தமிழ்ச்செவிக்கோ அது மரமற்ற வெட்டவெளி. இனமொழிகளின் நெருக்கமே இங்குப் பொருளை மறைக்கிறது.

எருத்தேன்பதியில் மலைச்சரிவு இல்லை, இடுக்கியில் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர். அங்கே மொழியைக் காரணமாகக் கூறுவது பிழை. தொலைத்தொடர்பு அற்றுப்போனதால் செய்தி வெளியுலகை அடையவே மறுநாள் காலையாயிற்று. எனினும், அத்தகைய லயங்களுக்கு இனிச் செல்லும் எச்சரிக்கையில் எந்தச் சொல் இருக்கும் என்பது நம் துறைக்குரிய கேள்வி.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம். தமிழிலேயே மறுமொழியும் பெறலாம். எச்சரிக்கை என்பது நாம் எழுதிக் கேளாமலே அரசு நமக்கு எழுதும் கடிதம். அதுவும் தமிழில் வரவேண்டும். ஊராட்சியின் பெயரோடு வரவேண்டும். மொழியியல் மாணவர்கள் செய்யக்கூடிய உடனடிப் பணி ஒன்றுண்டு: எல்லையோர ஊர்களில் மழைக்கும் வெயிலுக்கும் மண்சரிவுக்கும் மக்கள் உண்மையில் வழங்கும் சொற்களைத் தொகுத்துத் தருவது.