அஞ்சு ஆம்ப்ஸ் டார்ச்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்த ஞாயித்துக்கிழமை அலமாரியை ஒதுங்க வைக்கும்போது ஒரு டார்ச் லைட் கையில மாட்டுச்சு. கடையில வாங்கினது இல்ல, நானே செஞ்சது. ஆனா அது பொறக்கும்போது டார்ச்சா பொறக்கல. அதான் இன்னிக்குப் பதிவு.

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

நான் படிச்சது எலெக்ட்ரானிக்ஸ். நாலு வருஷம் படிச்சும் சால்டரிங் பண்ணத் தெரியாது. லேப்ல பக்கத்துல நிக்கறவன் ஈயம் உருக்குவான், நான் ரெக்கார்டு நோட்டுல அழகா படம் வரைவேன். அப்புறம் பொட்டி தட்டுற வேலைக்கு வந்தாச்சு, அதுக்கு எதுக்கு சால்டரிங்? காலேஜ்ல நான் உருப்படியாக் கத்துக்கிட்ட ஒரே கைத்தொழில், எவ்வளவு காத்தடிச்சாலும் ஒரே குச்சியில சிகரெட் பத்த வைக்கறது. சொந்த ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டிக்குப் பேர் போன ஊர். ஊர் மானத்தைக் காப்பாத்தினேன்னு வச்சுக்கோங்களேன்.

அப்பா எலெக்ட்ரீஷியன். வீட்டு வயரிங், மோட்டார் காயில் கட்டறதுன்னு முப்பது வருஷ சர்வீஸ். நான் சிகரெட் பிடிக்கறது அவருக்குத் தெரியாது. அப்படின்னுதான் நான் நம்பிக்கிட்டு இருந்தேன்.

2023 அக்டோபர்ல ஆன்சைட்டுனு இங்கிலாந்துல லீட்ஸுக்கு அனுப்பினாங்க. அங்க இருபது சிகரெட் இருக்கற பாக்கெட் 14 பவுண்டுக்கு மேல. மனசுக்குள்ள ரூபாயில பெருக்கிப் பார்த்தா ஆயிரத்து நானூறு தாண்டுது. காசு ஒரு பக்கம்னா, மூணாவது மாடி ரூமுக்கு ஏறினா நாய் மாதிரி இளைக்குது. வயசு இருபத்தியாறு! சரி, விட்டுடலாம்னு முடிவு பண்ணி, அங்க எல்லாரும் சொல்ற மாதிரி ஒரு எலெக்ட்ரானிக் சிகரெட் வாங்கினேன்.

தெரியாதவங்களுக்கு: உள்ள ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சின்னக் கம்பிச் சுருள், அதைச் சுத்திப் பஞ்சு. பஞ்சுல நிகோடின் கலந்த திரவம். பட்டனை அமுக்கினா சுருள் சூடாகி, திரவம் ஆவியாகும். நெருப்பு இல்ல, தார் இல்ல. அதுக்காக உடம்புக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்ல. சிகரெட்டுக்கு அடிமையானவன் இறங்கி வர ஒரு ஏணி, அவ்வளவுதான். திரவத்துல இருக்கற நிகோடின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே வந்து, கடைசியில பூஜ்யத்துக்கு வரணும். அங்க ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. நான் 12-ல ஆரம்பிச்சேன்.

பத்தொன்பது நாள் ஒழுங்கா ஓடுச்சு. இருபதாவது நாள் படிக்கட்டுல கீழ விழுந்து பேட்டரிப் பக்கம் செத்துப் போச்சு. புதுசு வாங்கணும்னா முப்பது பவுண்டுக்கு மேல. "நாளைக்கு வாங்கிக்கலாம்"னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு, குளிர்ல நடுங்கிக்கிட்டே போய் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிட்டு வந்து நின்னேன் பாருங்க, அப்ப என் மேலயே எனக்கு வந்த வெறுப்பு இருக்கே... மூணு சிகரெட் காலி. பத்தொன்பது நாள் கணக்கும் காலி.

மறுநாள் உக்காந்து யோசிச்சேன். செத்தது பேட்டரிப் பக்கம் மட்டும்தான். திரவமும் சுருளும் இருக்கற தலைப்பக்கம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டையும் சேர்க்கிறது வெறும் ஒரு மரை. அந்த மரைக்குப் பொருந்தற கனெக்டர், ரெண்டு வயர் தொங்கிக்கிட்டு, தனியாவே விக்குது. ஒரு பேட்டரி, அதை வைக்க ஒரு கூடு, ஒரு பட்டன். இதுக்கு எதுக்கு முப்பது பவுண்டு? (மரையைப் பத்தி யோசிக்கறவன் மரை கழண்டவனாத்தான் இருப்பான்னு நீங்க முணுமுணுக்கறது கேக்குது.)

ஒரே சிக்கல் சால்டரிங். தெரியாதுங்கறது ஒண்ணு. ரூம்ல தலைக்கு மேல புகை அலாரம் இருக்கறது ரெண்டு. மூணாவதுதான் முக்கியம்: லித்தியம் செல் மேல நேரடியா சால்டர் வைக்கக் கூடாது. அந்தச் சூடு உள்ள இருக்கற மெல்லிய பிரிப்புத் தாளைக் கெடுத்துடும். அதனாலதான் கம்பெனிகள்ல நிக்கல் பட்டையை வச்சு, கண்ணிமைக்கற நேரத்துல ஸ்பாட் வெல்டிங் பண்றாங்க. ஆக, நம்ம கூடு சால்டர் இல்லாமதான் ஆகணும்.

18650-னு ஒரு செல் வாங்கினேன். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. பேர்லயே ஜாதகம் இருக்கு. அப்புறம் 20 மி.மீ. பி.வி.சி. பைப்பு வாங்கிட்டு வந்தேன். செல் உள்ள போகல. 20-ங்கறது வெளி அளவாம்! இன்ஜினியர் வாங்கின மொத பல்பு. திரும்பப் போய் 25 வாங்கினேன். அதுல லொடலொடன்னு ஆடுச்சு, ஒரு சுத்து அட்டை வச்சதும் கச்சிதம். ஒரு முனையில பேனா ஸ்பிரிங், அதுல வயரை முறுக்கி விட்டு, மேல டேப்பு. முடிஞ்சது.

பட்டனை அமுக்கினேன். நாலு செகண்டு. ஆவி வந்துச்சு. நான்தான் எடிசன்! ரெண்டாவது தடவை அமுக்கும்போது கட்டை விரல்ல சுரீர். பேனா ஸ்பிரிங் சிவந்து, பைப்பு முனை பழுப்பாகி, ரூம் பூரா பிளாஸ்டிக் கருகுற நாத்தம். நல்லவேளை அலாரம் அடிக்கல. செல்லை உருவி பாத்திரம் கழுவுற தொட்டியில போட்டுட்டு பத்து நிமிஷம் தள்ளியே நின்னேன். கை நடுக்கம் நிக்கல.

அப்புறம்தான் இன்ஜினியர் கணக்கு போட்டார். முழுசா சார்ஜ் ஆன செல் 4.2 வோல்ட். சுருள் 1.2 ஓம். வகுத்தா மூணரை ஆம்ப்ஸ். அந்த மெல்லிசு ஸ்பிரிங்கும் முறுக்கின வயரும் சேர்ந்து பத்துல ஒரு பங்கு ஓம் இருந்தாலே, அங்க ஒரு வாட்டுக்கு மேல சூடு உக்காந்துக்கும். அரிசி மணி அளவு இடத்துல ஒரு வாட்டுன்னா சும்மாவா?

அன்னிக்குச் சாயங்காலம் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"என்னல, விரலுல கட்டு?"

"ஒரு டார்ச் லைட் செஞ்சேன்ப்பா. ஸ்பிரிங் சூடாயிருச்சு."

"எவ்ளோ ஆம்ப்ஸ் இழுக்குது?"

"மூணரை."

"டார்ச்சுக்கு மூணரை ஆம்ப்ஸா? எவனத் தேடப் போற?"

குளிர் ஊரு, பனி அதிகம், வெளிச்சம் பத்தலைன்னு வாய்க்கு வந்ததை உளறினேன். அவர் அதுக்கு மேல நோண்டல. பைப்பை கேமரா முன்னாடி திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். அப்புறம் சொன்னார் பாருங்க, நாலு வருஷத்துல எந்தப் புரொபசரும் எனக்குச் சொல்லாதது:

"ஸ்பிரிங் தள்ளுறதுக்குல. கரண்டு போறதுக்கு இல்ல. ரெண்டு சோலியையும் ஒருத்தன் தலையில கட்டாத."

மூடியில ஓட்டை போட்டு பித்தளை போல்ட்டை நுழைக்கணும். போல்ட்டுத் தலை செல்லைத் தொடணும். ஸ்பிரிங் தலைக்கும் மூடிக்கும் நடுவுல உக்காந்து சும்மா தள்ளிக்கிட்டு இருக்கும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற மரையில ரெண்டு நட்டு, அதுக்கு நடுவுல வயரோட லக். கரண்டு போல்ட்டு வழியா போகும், ஸ்பிரிங்குக்கு வேலையே இல்ல. வயரை முறுக்கவே கூடாது, லக்குல சொருகி கிரிம்பிங் டூலால நசுக்கணும். "நல்லா நசுக்குனா செம்பும் லக்கும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாயிரும். ஈயம் வச்சது, ஆட்டம் இருக்கற எடத்துல ஓரத்துல ஒடியும். காரு பூரா கிரிம்புதான்ல." பிளஸ் பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாஷர் போடச் சொன்னார். செல்லோட உடம்பு முழுக்க மைனஸ், நடுவுல இருக்கற பொத்தான் மட்டும்தான் பிளஸ், ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு வளையம். போல்ட்டுத் தலை கொஞ்சம் நகர்ந்து ரெண்டையும் தொட்டா அவ்வளவுதான். கடைசியா, கார்ல போடற அஞ்சு ஆம்ப்ஸ் ஃப்யூஸ் ஒண்ணு. அதுவும் லக்குல சொருகறதுதான். பட்டனுக்கு, திருகு வச்ச காலிங் பெல் சுவிட்ச்.

இதை முடிக்க எனக்குப் பன்னெண்டு நாள் ஆச்சு. தெனமும் ஆபீஸ் விட்டு வந்து, அப்பா லைன்ல இருக்க, ஒரு லக் நசுக்குவேன். வயரைப் பிடிச்சு இழுத்துக் காட்டச் சொல்வார். உருவிக்கிட்டு வந்தா, "மறுபடியும்". பன்னெண்டு நாளும் அவர்கிட்ட பொய் சொல்லிக்கிட்டே அவர்கிட்டயே தொழில் கத்துக்கிட்டேன். பாக்கெட்டுல மிச்சம் இருந்த பதினேழு சிகரெட்டை அந்தப் பன்னெண்டு நாள்ல நான் தொடல. கை ரெண்டும் வேலையா இருந்ததாலயா, எதிர்ல அப்பா இருந்ததாலயா, தெரியல.

கூடு ஒரு வருஷம் உழைச்சது. 12, 6, 3 ஆச்சு. 2024 தீபாவளிக்கு பூஜ்யம். நடுவுல ரெண்டு தடவை வழுக்கி விழுந்தேன், மறைக்கல. டிசம்பர்ல சுத்தமா நிறுத்திட்டேன்.

2025 பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினேன். நம்ம நாட்டுல இந்தச் சமாச்சாரத்துக்கு 2019-லயே தடை. அதனால மரைக் கனெக்டரைக் கழட்டி, தலைப்பக்கத்தையும் செல்லையும் சேர்த்து அங்கயே மறுசுழற்சிக்குப் போட்டுட்டேன். வெறும் பைப்பும் போல்ட்டும் மட்டும் பெட்டியில வச்சேன். ஏன்னா அப்பா போன்ல தெனமும் கேட்டுக்கிட்டு இருந்தார்: "வரும்போது அந்த டார்ச்ச எடுத்துட்டு வால."

அவ்வ்வ்வ்!

சென்னையில இறங்கினதும் நேரா ரிச்சி ஸ்ட்ரீட். புது செல், ஒரு வாட் எல்.இ.டி., மூணு புள்ளி மூணு ஓம் ரெசிஸ்டர். ராத்திரி நண்பன் ரூம்ல உக்காந்து எல்லாத்தையும் கிரிம்ப் பண்ணி முடிச்சேன். அமுக்கினா எரியுது. தப்பிச்சோம்டா சாமி.

போகிக்கு மறுநாள் திண்ணையில வச்சு அப்பா அதைப் பிரிச்சார். ஒவ்வொரு லக்கையும் இழுத்துப் பார்த்தார். ஒண்ணும் வரல. தலையை ஆட்டினார். அப்புறம் ஃப்யூஸைப் பார்த்தார். எல்.இ.டி.யைப் பார்த்தார். பெல் சுவிட்சை ரெண்டு தடவை அமுக்கினார்.

"இது முக்கா ஆம்ப்ஸ் கூட இழுக்காதேல."

நான் பேசல.

"டார்ச்சுக்கு எதுக்கு பெல் சுவிட்சு? வழி பூரா அமுக்கிட்டே நடப்பியா?"

நான் பேசல. அவரும் கொஞ்ச நேரம் பேசல. மூடியை மறுபடி மாட்டிக்கிட்டே, என்னைப் பார்க்காமச் சொன்னார்:

"முன்னெல்லாம் ஊருக்கு வந்தா ராத்திரி ஒம்போது மணிக்கு சிக்னல் கெடைக்கலன்னு மாடிக்குப் போவ. இந்தத் தடவ ஒருநா கூட போகல. சிக்னல் சரியாயிருச்சோ?"

"ஆமாப்பா. சரியாயிருச்சு."

"சரி. ஃப்யூஸ மாத்து. இதுக்கு ஒரு ஆம்ப்ஸ் போதும்."

இன்னும் மாத்தல. அஞ்சு ஆம்ப்ஸே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் ஆவி விடற கூடு கட்டக் கிளம்பிடாதீங்க. சட்டப்படி தப்பு, விரலுக்கும் கேடு. பிடிக்காதவங்க ஆரம்பிக்கவே வேண்டாம். டார்ச் செய்யறதா இருந்தா செல்லோட பிளாஸ்டிக் உறை கிழியாம பாத்துக்கோங்க. சட்டைப் பையில சாவி, சில்லறையோட சேர்த்துப் போடவே போடாதீங்க. விட நெனச்சு முடியாம இருக்கற மக்கள் இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.