கழற்றி வைத்த பாட்டரி

சிங்கப்பூரில் மகன் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் நான் செய்த காரியமொன்றை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

வியாழன் மாலை மக்ரிப் தொழுததும் வீடெங்கும் சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம். அன்று தட்டோடு கூடத்திற்கு வந்தேனோ இல்லையோ, கூரையிலிருந்த புகை அலாரம் காது கிழியக் கூவத் தொடங்கிற்று. தொட்டிலில் பேத்தி வீறிட்டாள். எனக்கோ வெட்கமும் சினமும். நாற்காலி மீதேறி, மூடியைத் திருகி, உள்ளிருந்த 9 வோல்ட் பாட்டரியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு மாட்டிவிடலாம் என்றிருந்தவன், மறந்தே போனேன்.

2018 ஜூன் முதல் தேதியிலிருந்து அந்நாட்டில் புதிய வீடுகளுக்கு இக்கருவி கட்டாயம். மகனுடைய வீடு பழையது. சட்டம் கேளாமலேயே அவன் வாங்கிப் பொருத்தியிருந்தான்.

இரு வாரத்தில் ரமலான் பிறந்தது. ஓரிரவு, ஸஹருக்காகக் குழம்பை அடுப்பிலேற்றிய மருமகள், குழந்தை அழவே அறைக்குள் சென்று, பாலூட்டியபடியே கண்ணயர்ந்துவிட்டாள். என் மனைவியை எழுப்பியது அவளுடைய பழைய இருமல்தான்; புகையன்று. கூடத்து விளக்கே மங்கித் தெரிந்தது. சட்டி கரியாகி, அருகில் கிடந்த கைத்துணியின் ஓரம் கருகிக்கொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று.

புகை நாறினால் விழிப்பு வந்துவிடும் என்றே நம்பியிருந்தேன். உறங்குபவனை மூக்கு எழுப்புவதில்லை. செவிதான் எழுப்ப வேண்டும். உறங்குமுன் நெருப்பை அணைக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையைப் பிள்ளைகளுக்குப் போதித்தவன் நான்!

"பாட்டரி எங்கே வாப்பா?" மகன் வேறொன்றும் கேட்கவில்லை.

பின்னர் அவனே கருவியைக் கழற்றிக் காட்டினான். உள்ளே ஓர் இருட்டறை. அதில் ஓர் ஒளிக்கீற்று. புகை புகுந்தால் ஒளி சிதறி உணர்கண்ணில் படும், உடனே கூவும். தூசியும் சிறு பூச்சியும் அதை அவ்வாறே ஏமாற்றுமாம். ஆகவே துளைகளில் படிந்த தூசியை அவ்வப்போது உறிஞ்சியெடுக்க வேண்டும். மாதமொரு முறை பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். பாட்டரி தளர்ந்தால் விட்டுவிட்டுக் கீச்சென்னும். பத்தாண்டு கடந்தால் கருவியையே மாற்றிவிட வேண்டும். தேதி முதுகிலேயே இருக்கிறது. சாம்பிராணிக்கும் வழியிருந்தது: அதே பொத்தான், சில நிமிடம் அடங்கியிருந்து தானே விழித்துக்கொள்ளும். நான்தான் கேட்கவில்லை.

இப்போது மாதத்தின் முதல் வெள்ளியன்று மகன் தொலைபேசியில் அழைத்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துகிறான். காயல்பட்டினத்துத் திண்ணையில் அமர்ந்து, அக்கூச்சல் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.