விளக்கின் மேல்தோல்

பித்தளையில் களிம்பேறினால் புளியிட்டுத் துலக்குவது நம் இல்லங்களின் வழக்கம். அழுக்கு நீங்கியதும் உலோகம் தன் ஒளியைத் தானே காட்டும். ஆனால் துலக்குவதோடு வேலை முடிந்துவிடாத பொருளும் உண்டு. கார்களின் முகப்பு விளக்கு அத்தகையது.

2014ஆம் ஆண்டு உற்பத்தி நிறுத்தப்பெற்ற அம்பாசிடர் காரை எண்ணிப் பாருங்கள். அதன் வட்ட விளக்கின் முகம் கண்ணாடி. உடையும், ஆயினும் மஞ்சள் பூக்காது. இன்றைய கார்களில் அவ்விடத்தைப் பிடித்திருப்பது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பெற்ற இப்பொருள் எடை குறைந்தது; கல் பட்டாலும் எளிதில் நொறுங்காதது. எனினும் வெயிலின் புறஊதாக் கதிரை அது தாங்குவதில்லை. ஆகவே ஆலையிலேயே மெல்லிய காப்புப் பூச்சொன்றை அதன்மேல் ஏற்றி அனுப்புகின்றனர்.

சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் கொட்டகை உள்ள வீடுகள் எத்தனை? கார்கள் தெருவோரத்திலேயே ஆண்டு முழுதும் காய்கின்றன. பூச்சு வெந்து தேய்கிறது. அடியிலுள்ள பிளாஸ்டிக் மங்குகிறது. நம் பழைய காருக்கும் அதுவே நேர்ந்தது. ஓரிரவு வண்டலூரிலிருந்து தாம்பரம் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் வந்துகொண்டிருந்தோம். பெருங்களத்தூருக்கருகே மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த முதியவர், மிக அண்மையில் வந்த பின்னரே நம் கண்ணுக்குத் தெரிந்தார். வண்டி நின்றது, அவரும் நலமாகக் கடந்து போனார். மங்கிய விளக்குகள் புதியவற்றின் ஒளியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே தருகின்றன என அமெரிக்க மோட்டார் சங்கமொன்று 2018இல் ஆய்ந்து கூறியதன் பொருள் அன்று விளங்கிற்று.

“விளக்கையே மாத்தணும்னா செலவு கூட ஆகும் பாய். முதல்ல தேய்ச்சுப் பார்ப்போம்” என்றார் பணிமனைத் தம்பி. விளக்கைச் சுற்றியுள்ள பெயின்ட்டில் கீறல் விழாதிருக்க நாடா ஒட்டினார். தண்ணீர் தெளித்தபடி 800ஆம் எண் வாட்டர் பேப்பரால் தேய்க்கலானார். மஞ்சள் கலந்த பால்போல் நீர் வழிந்தது. விளக்கோ முன்னினும் குருடாயிற்று! அருகில் நின்றவர்கள் கெட்டுவிட்டதென்றே கருதினர். அவர் பதறவில்லை. 1000, 1500, 2000, 3000 என நயமான தாள்களுக்கு மாறினார். முந்தைய தாளின் கீறலை அடுத்த தாள் அழித்தது. இறுதியில் காம்பவுண்ட் இட்டுச் சுழலும் பஞ்சால் மெருகேற்றியதும் உள்ளிருந்த பல்பு தெளிவாகத் தெரிந்தது.

கூலி கொடுத்து விடைபெறத் தோன்றும் தருணம் இது; ஏமாற்றமும் இங்கேதான் காத்திருக்கிறது. மஞ்சளோடு பழைய காப்பின் எச்சமும் போய்விட்டது. இப்போது பிளாஸ்டிக் மேல்தோலின்றி நிற்கிறது. இப்படியே வெயிலில் நிறுத்தினால் சில மாதங்களில் மீண்டும் மங்கும். பற்பசையால் தேய்த்து மகிழ்வோரின் கதையும் இதுவே. புறஊதாக் கதிரைத் தடுக்கும் புதிய பூச்சைத் தடவிக் காயவைத்த பின்னரே அத்தம்பி சாவியைத் தந்தார்.

ஆதலின் கூலி பேசும்போதே பூச்சும் உண்டா எனக் கேட்டுக்கொள்வது நன்று. உட்புறம் மங்கியிருந்தாலும் வெடிப்புக் கண்டிருந்தாலும் இவ்வைத்தியம் பலிக்காது, மாற்றுவதே வழி. செலவென்று தள்ளிப்போடத் தக்கதன்று இது. முகப்பு விளக்கு ஓட்டுபவருக்கு மட்டும் உரியதன்று. இருளில் சாலையைக் கடப்பவருக்கும் அதில் பங்குண்டு.