கட்டிலுக்குக் கீழே

“சார், டிக்கெட் எடுத்தாச்சா?” என்று அப்பா என்னைக் கேட்டபோது இரவு இரண்டு மணி. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகிறது. வயசாச்சு, மறதி ஆரம்பிச்சிடுச்சு என்று நினைத்தேன். அம்மா திருநீறு பூசிவிட்டாள். காய்ச்சல் இல்லை.

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து, யூரின் ட்யூபோடு வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

காலையில் வந்த நர்ஸ் அக்கா முதலில் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தார். பை அங்கே இல்லை. போர்வைக்குள், அப்பாவின் தொடைக்குப் பக்கத்தில் கிடந்தது. நான்தான் வைத்தேன். முந்தின நாள் சொந்தக்காரங்க வந்திருந்தாங்க. மஞ்சள் பை தொங்குவது அப்பாவுக்குக் கூச்சமாக இருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சம் எனக்குத்தான்.

“தம்பி, பை எப்பவும் மூத்திரப்பைக்குக் கீழதான் இருக்கணும். மேல வச்சா திரும்ப உள்ள போயிடும். தரையிலயும் படக்கூடாது. வயசானவங்களுக்குக் கிருமி ஏறினா சில சமயம் காய்ச்சலே வராது. இப்படித்தான் திடீர்னு குழம்பிப் பேசுவாங்க.”

டாக்டர் வந்தார். பழைய ட்யூபில் ஒட்டி வளர்ந்த கிருமி சோதனையைக் குழப்பும் என்று, புது ட்யூப் போட்டு அதிலிருந்து சாம்பிள் எடுத்தார்கள். ஆன்டிபயாடிக் தொடங்கியது.

“நான் பையை மேல வச்சதாலதானா?” என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர். ட்யூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதமாம். ஆபீஸில் சர்வர் விழுந்தால் காரணத்தைத் தோண்டி எடுக்காமல் விடமாட்டோம். இங்கே லாக் எதுவும் இல்லை.

“இந்த ட்யூப் இன்னும் எதுக்கு?” என்று கேட்டதும் அக்காதான். டிஸ்சார்ஜ் தாளில் கழற்றும் தேதியே இல்லை. ‘தற்காலிகம்’ என்று எழுதிவிட்டு வருடக்கணக்கில் ஓடும் கோடு எத்தனை பார்த்திருக்கிறேன்! வீட்டில் ஒன்று ஓடியது தெரியவில்லை.

அடுத்த சில நாட்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, பையைக் காலி செய்து, அப்பாவைத் துடைத்துவிட்டேன். முதல்முறை அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும்தான். மூன்றாம் நாள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார்.

அடுத்த வாரம் ட்யூபைக் கழற்றினார்கள். அன்று நள்ளிரவில் என் தோளை யாரோ தட்டினார்கள்.

“டேய், எந்திரி. பாத்ரூம் போகணும்.”