மட்டாஞ்சேரி மணலில் பெரும்பூசணி

உலகச் சாதனை படைக்கும் ராட்சதப் பூசணிகள் குக்குர்பிட்டா மாக்சிமா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் உருவாக்கிய அட்லாண்டிக் ஜயண்ட் வகையின் வழித்தோன்றல்களில்தான், 2023இல் அமெரிக்காவில் எடைபோடப்பட்ட 1,247 கிலோ காய் போன்றவை விளைகின்றன. குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய அக்கொடி, இரவிலும் வெம்மை தணியாத கொச்சியில் பகலில் சேர்த்த உணவைச் சுவாசத்திலேயே பெரிதும் செலவழித்துவிடும் என்பதால், அந்நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் பூசணி வளர்க்கத் தொடங்குவோர் எரிசேரி என்னும் கேரளக் கறிக்கு உரிய மத்தனை, அதாவது குக்குர்பிட்டா மாஸ்கேட்டா இனத்தை, நாடுவதே அறிவுடைமை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட அம்பிலி அதில் நம்பத்தக்க வகையாகும்.

காயலோரத்து மணற்பாங்கான மண்ணில் நீரும் சத்தும் தங்குவதில்லை. கிணற்றிலும் உப்பு ஏறிவிடுகிறது. ஆகவே, விதையைவிட மண்ணே முதற்கவனத்திற்கு உரியது: 60 செ.மீ. அகலக் குழியில் மக்கிய சாணமும் இலைமக்கும் தாராளமாக நிரப்பி, தென்மேற்குப் பருவமழை தணியும் செப்டம்பர் முதல் டிசம்பருக்குள்ளோ, ஜனவரி முதல் மார்ச்சுக்குள்ளோ விதைத்து, நல்ல நீரே பாய்ச்ச வேண்டும்.

அடியில் பிஞ்சு தாங்கிய பெண்பூ மலரும் காலையிலேயே, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில், அதாவது மகரந்தம் ஏற்கும் பகுதியில், கையால் தடவலாம். காய் பிடித்தபின் வலுவான ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிடுவது மனத்துக்குக் கடினமே எனினும், கொடியின் உணவு முழுவதும் ஒரே காய்க்குச் சேர வேறு வழியில்லை.