யாருக்கு விளம்பரம் காட்ட வேண்டாம்

கூகுளில் தேடுபவர்களுக்குக் காட்டும் கிளிக் விளம்பரங்களைச் சிறு கடைகளுக்காக நடத்திக் கொடுப்பது என் தொழில். இதில் லாபம் பார்க்கும் கடைகளும் உண்டு. மூன்றே மாதத்தில் கையைச் சுட்டுக்கொண்டு ஒதுங்கும் கடைகளும் உண்டு. இரு தரப்பும் விற்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான், விளம்பர வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான். லாபம் பார்ப்பவர்கள் செய்யும் ஒரு வேலையை மற்றவர்கள் செய்வதில்லை. யாருக்கு விளம்பரம் காட்டக்கூடாது என்று உட்கார்ந்து முடிவு செய்வதுதான் அது.

கோவைப் பக்கம் வார்ப்பிரும்பு தோசைக்கல் விற்கும் ஒரு ஆன்லைன் கடையை எடுத்துக்கொள்வோம். வரி நீங்கலாக ஒரு கல் 1,300 ரூபாய். கொள்முதல் 620. வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் விரிசல் விடும் என்பதால் பேக்கிங்கில் கஞ்சத்தனம் கூடாது, அதற்கு 60. மூன்று கிலோ கனத்துக்கு, மாநிலத்துக்குள் அனுப்பக் கூரியர் 150. பணம் வாங்கும் கேட்வேக்கு 30. மிச்சம் 440. இதில் கடை வாடகை, ஆள் சம்பளம், முதலாளியின் லாபம் என்று 200 ரூபாயை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். ஆக, ஒரு ஆர்டரைக் கொண்டுவர விளம்பரத்துக்குத் தரக்கூடியது 240. நூறு கிளிக்கில் மூன்று பேர் வாங்கினால் கிளிக்குக்கு 7 ரூபாய் 20 காசு வரை தாங்கும். இரண்டு பேர்தான் என்றால் 4 ரூபாய் 80 காசு.

பலர் இந்த இடத்தோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். நம் ஊரில் கேஷ் ஆன் டெலிவரி என்று ஒன்று இருக்கிறதே! பத்து ஆர்டரில் ஒன்று வாசல் வரை போய்த் திரும்பி வந்தால், போக வரக் கூரியர் 300, பேக்கிங் 60, எல்லாம் நம் தலையில். மீதி ஒன்பது கல்லில் கிடைக்கும் 3,960-இல் அந்த 360-ஐக் கழித்தால் 3,600. ஒன்பது கல்லுக்கு 200 வீதம் 1,800-ஐ எடுத்து வைத்த பிறகு பத்து ஆர்டருக்கும் சேர்த்து விளம்பரத்துக்கு மிஞ்சுவது 1,800. அதாவது ஆர்டருக்கு 180. மூன்று சதவீதக் கணக்கில் கிளிக்குக்கு 5 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு பார்சல் திரும்பியதில் நம் ஏலத்தொகையில் கால் பங்கு போய்விடுகிறது. இந்தக் கணக்கு கையில் இல்லாமல் நான் எந்தக் கேம்பெய்னையும் திறப்பதில்லை.

ஏலம் என்று சொன்னேன், அது எப்படிப்பட்ட ஏலம் என்பது சிறு கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1998-இல் பில் கிராஸின் கோ-டூ (GoTo.com) நிறுவனம் தேடல் பக்கத்தில் கிளிக்குக்குக் காசு என்ற முறையைக் கொண்டுவந்தது. அங்கே அதிகம் தருபவர் மேலே, அவ்வளவுதான். 2000-இல் விளம்பரத் தொழிலில் இறங்கிய கூகுள், 2002-இல் கிளிக் ஏலத்துக்கு மாறியபோது ஒரு பெரிய திருத்தம் செய்தது. தரும் தொகையை மட்டும் பார்க்காமல், அந்த விளம்பரத்தை மக்கள் எந்த அளவுக்குக் கிளிக் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பெருக்கி வரிசைப்படுத்தியது. இன்று அந்தக் கணக்கில் இன்னும் பல காரணிகள் சேர்ந்திருந்தாலும் அடிப்படை மாறவில்லை. பத்து ரூபாய் தரும் பெரிய கம்பெனியை, இருமடங்கு பொருத்தமான விளம்பரத்தோடு ஆறு ரூபாய் தரும் சின்னக் கடை முந்தலாம். அப்போதும் ஆறு ரூபாய் முழுதாகப் போகாது. அடுத்து நிற்பவரைத் தாண்டத் தேவையான தொகைதான் பிடிக்கப்படும். சம்பந்தமில்லாதவர் கண்ணில் நம் விளம்பரம் படாமல் பார்த்துக்கொள்வது வீண் கிளிக்கைத் தடுக்கும், கூடவே நல்ல கிளிக்கின் விலையையும் இறக்கும்.

இனி நான் மிகவும் நேசிக்கும் பகுதிக்கு வருகிறேன். நாம் ஏலம் கேட்கும் கீவேர்டு ஒன்று, மக்கள் உண்மையில் தட்டச்சு செய்வது வேறொன்று. அந்த இரண்டாவது பட்டியல் கணக்குக்குள் சர்ச் டேர்ம்ஸ் அறிக்கை என்ற பெயரில் இருக்கிறது. 2020 செப்டம்பரிலிருந்து, கணிசமான பேர் தேடாத சொற்களைக் கூகுள் அதில் காட்டுவதில்லை. காட்டுகிற வரைக்கும் அதைவிட நேர்மையான வாடிக்கையாளர் குரல் வேறு எங்கும் கிடைக்காது. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், தனக்கு என்ன வேண்டுமோ அதை ஒளிவுமறைவில்லாமல் ஒருவர் கேட்கும் இடம் அது.

தோசைக்கல் கணக்கில் அந்தப் பட்டியலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கல்சட்டி. 'கல்' என்று இருப்பதால் மாக்கல் பாத்திரம் தேடுபவரும் நம் பக்கம் வந்து சேர்கிறார். அடுத்து நான்ஸ்டிக். அதன் பின் ஓட்டலுக்கான பெரிய தோசைக்கல், கேஸ் பர்னரோடு சேர்த்து. பிறகு படம் தேடுபவர்கள், பழைய கல்லை விற்க நினைப்பவர்கள், தோசை மாஸ்டர் வேலை தேடுபவர்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஐந்து ரூபாய் கொடுத்துக் கடைக்குள் அழைத்தால் மாதக் கடைசியில் பெட்டி காலி. இவர்கள் தேடும் சொற்களை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் காட்ட வேண்டாத சொற்களாக, சேர்க்கிறேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாம் வேண்டும் என்று கொடுக்கும் சொல்லைக் கூகுள் தாராளமாக நீட்டி, அதே பொருள் தரும் வேறு சொற்களுக்கும் காட்டும். வேண்டாம் என்று கொடுக்கும் சொல்லை அப்படி நீட்டாது. எழுத்துப்பிழையை 2024 முதல் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஒத்த சொல்லையும் ஒருமை பன்மையையும் நாம்தான் தனித்தனியே போட வேண்டும்.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடவும் முடியாது. 'தோசைக்கல் பழக்குவது எப்படி' என்று கேட்பவரிடம் ஏற்கெனவே கல் இருக்கிறது. அவர் வாங்க வரவில்லை, அவரை விட்டுவிடலாம். 'தோசை கல்லில் ஒட்டுகிறது, என்ன செய்வது' என்பவர் கதை வேறு. அந்த வீட்டில் காலையில் ஒரு சண்டையே நடந்திருக்கும். பழக்கிய கல் ஒன்று கிடைத்தால் வாங்கும் மனநிலையில் அவர் இருக்கிறார். அவருக்குத் தனி விளம்பரம், குறைந்த ஏலத்தொகை, கல் எப்படிப் பழக்கப்பட்டது என்று விளக்கும் தனிப் பக்கம். 'இண்டக்ஷனில் வேலை செய்யுமா' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், அடிப்பாகம் தட்டையாக இருக்கும் படத்தையும், அதன் விட்டத்தையும், ஆம் என்ற பதிலையும் பொருள் பக்கத்தின் உச்சியில் வைக்கச் சொல்வேன். பக்கத்தில் என்ன எழுதுவது என்று எழுத்தாளர் தேட வேண்டாம், கேள்வி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

நம் மக்கள் தட்டச்சு செய்யும் விதமும் தனி. பெரும்பாலானோர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். தோசையை டி-யில் தொடங்குபவர் ஒருவர், டி-எச் போடுபவர் ஒருவர். கல் என்பார் ஒருவர், கல்லு என்பார் இன்னொருவர். கர்நாடகத்தில் காவலி, ஆந்திரத்தில் பெனம், வடக்கே தவா. தவா என்ற சொல்லுக்குப் போட்டி மிக அதிகம், வருபவரில் பாதிக்கு மேல் சப்பாத்திக்காரர்கள். அதைத் தொட வேண்டாம் என்றுதான் சிறு கடைகளுக்குச் சொல்கிறேன்.

2018-இல் கூகுள் தமிழ் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது எனக்குத் திருவிழா மாதிரி. ஆனால் ஒரு தலைப்புக்கு 30 எழுத்துக்குறிகள்தான். நம் கணக்கில் 'தோசைக்கல்' ஐந்து எழுத்து. கணினி கொம்பையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் அங்கே ஒன்பது. 'வார்ப்பிரும்பு தோசைக்கல்' என்றாலே 24 போய்விடும். ஒரு இடைவெளி விட்டு '₹1300' என்று எழுதினால் சரியாக 30. அந்த விலையை எழுதுவதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஐந்நூறு ரூபாய்க் கல் தேடுபவர் அதைப் படித்துவிட்டுக் கிளிக் செய்யாமல் நகர்ந்துவிடுவார். நமக்குக் காசு மிச்சம், அவருக்கு நேரம் மிச்சம்.

கணக்கு தொடங்கும்போது தானாகவே இடப்பட்டிருக்கும் சில அமைப்புகளையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இடத் தேர்வில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்திருப்பார்கள்; இருப்பவர்கள் மட்டும் போதும். தேடல் கேம்பெய்னோடு, பிற தளங்களில் விளம்பரம் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மூன்று கிலோ இரும்பு அசாம் வரை போனால் கூரியரே லாபத்தைத் தின்றுவிடும் என்பதால் தென் மாநிலங்களுக்கு ஒரு கேம்பெய்ன், மற்றதற்கு வேறு ஏலத்தொகையில் வேறொன்று. பரிந்துரைப் பக்கத்தில் தெரியும் மதிப்பெண் நூறைத் தொடவில்லையே என்று கவலைப்படும் முதலாளிகள் உண்டு. அந்தப் பரிந்துரைகளை நிராகரித்தாலும் மதிப்பெண் ஏறும். அது நம் லாபத்தைச் சொல்லும் எண் அல்ல.

தானியங்கி ஏலம் நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்கு நாம் எதை வெற்றி என்று காட்டுகிறோமோ அதைத்தான் அது தேடிப் போகும். திரும்பி வந்த பார்சலையும் வெற்றி என்று காட்டினால் இன்னும் பத்து திரும்பும் பார்சலைப் பிடித்துக்கொண்டு வரும். அதனால் திரும்பிய ஆர்டர்களை, 55 நாள் கெடுவுக்குள், கணக்கிலிருந்து நீக்கம் செய்து ஏற்றுகிறோம். இன்னொரு பக்கம், விளம்பரத்தைக் கிளிக் செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் 'அண்ணா, கல் பழக்கி அனுப்புவீங்களா?' என்று கேட்டு அங்கேயே ஜிபேயில் பணம் போடும் அக்காக்கள் கணக்கில் வருவதே இல்லை. ஒவ்வொரு கிளிக்கோடும் கூகுள் ஒட்டி அனுப்பும் அடையாளக் குறியீட்டை வாட்ஸ்அப் பொத்தானின் முதல் செய்தியிலேயே சேர்த்துவிட்டால், விற்பனை முடிந்ததும் அதைத் திரும்ப ஏற்றலாம். கடைப்பையன் ஒரு எக்செல் தாளில் அந்தக் குறியீட்டோடு தேதியும் தொகையும் போட்டு வைத்தால் போதும். இதைச் செய்தபிறகு, நஷ்டம் என்று நிறுத்த இருந்த கீவேர்டு லாபத்தில் ஓடுவது தெரியவரும் கணக்குகள் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் சில பொருள்களுக்கு விளம்பரம் கட்டுப்படியாகாது. அதே கடையின் பணியாரக்கல் 450 ரூபாய். எல்லாம் போக மிஞ்சுவது 110, கடைக்கு என்று எடுத்து வைத்தால் விளம்பரத்துக்கு 40 தேறலாம். நூற்றுக்கு மூன்று பேர் வாங்கினாலும் கிளிக்குக்கு 1 ரூபாய் 20 காசு. அந்த விலைக்கு ஏலத்தில் இடம் கிடைக்காது. அதனால் அதன் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, தோசைக்கல்லோடு சேர்த்து 1,700 ரூபாய்க்கு ஒரு செட்டாகப் போட்டோம். பேக்கிங்கும் கூரியரும் ஒருமுறைதான் என்பதால் ஒரு ஆர்டருக்குத் தாங்கும் தொகை கூடிற்று. இப்போது 'பணியாரக்கல்' என்ற சொல் அந்தக் கணக்கில் நெகட்டிவ் பட்டியலில் இருக்கிறது. தோசைக்கல் வாங்க வந்தவர்களே செட்டைப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள்.