யந்திரத்தின் நாடி

1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இராயபுரம் புகைவண்டி நிலையத்தைக் கடந்து, காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்துட் புகுவோர் முதலில் உணர்வது மீனின் வாடை. அடுத்தது டீசல் யந்திரங்களின் ஓசை. சென்ற ஆண்டு யாமும் நண்பர் இருவரும் அங்குள்ளதொரு விசைப்படகின் யந்திரத்தில் உணர்கருவிகள் இரண்டைப் பொருத்தி, குளிர்நீரின் உஷ்ணத்தையும் மசகெண்ணெயின் அமுக்கத்தையும் நான்கு பயணங்களுக்குப் பதிவுசெய்தோம். அவை நிமிஷந்தோறும் தாமே பதிவாயின. சுழற்சி வேகத்தை மட்டும் படகோட்டியார் தம் நோட்டுப் புத்தகத்தில் நினைத்தபோது மணியிட்டு எழுதுவார். வலையிழுக்கும் வேளையில் எவர்க்குத்தான் எழுத நேரமுண்டு?

படகு கரைசேர்ந்ததும் எண்களனைத்தையும் கணினியின் விரிதாளில் இட்டு ஒரே படமாக வரைந்தோம். வண்ணக் கோடுகள் மூன்று அழகாக எழுந்தன. ‘யாதொரு குறையுமில்லை’ என்று உரிமையாளரிடம் கூறியும் விட்டோம்.

கூறியது பிழை. 1500 சுற்று வரை ஏறும் அளவுகோலில் 4 பார் அமுக்கத்திற்கு இடமேது? அக்கோடு படத்தின் அடியோடு ஒட்டிக் கிடந்தது. பாதியாய்க் குறைந்திருப்பினும் கண்ணுக்குப் புலனாகாது. மற்றொரு தவறும் இழைத்திருந்தோம். விரிதாளின் கோட்டுப்படம் மணியை வெறும் பெயராகவே கொண்டு, ஐந்து நிமிஷ இடைவெளியையும் ஐந்து மணி இடைவெளியையும் ஒன்றுபோலவே வரைந்துவிடும். மணியையும் எண்ணாகக் கொள்ளும் புள்ளிப்படத்தையே யாம் தேர்ந்திருத்தல் வேண்டும்.

காலத்தைக் கிடையாகவும் அளவை நெடுக்காகவும் வைத்துக் கோடு வரையும் முறையை 1786-இல் நூல்வழி வெளியிட்ட வில்லியம் பிளேஃபேர், நீராவி யந்திரத்தாற் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராய் இருந்தவர். ஆயினும் அந்நூலில் அவர் வரைந்தவை வாணிபக் கணக்குகள். ஏற்றுமதியும் இறக்குமதியும் ஒரே நாணயத்தில் அமைந்தமையால், எமக்கு நேர்ந்த இடர் அவருக்கு நேரவில்லை போலும்!

அன்றிரவே மூன்று படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, காலக்கோடு பொதுவாகவும் அளவுகோல் தனித்தனியாகவும் அமைத்து வரைந்தோம். அமுக்கம் ஏறியும் இறங்கியும் சென்றது. அதில் வியப்பில்லை, வேகம் தணியின் அதுவும் தணியும், எண்ணெய் சூடேறி நீர்த்தாலும் தணியும். ஆதலின் வேகம் 1500 சுற்றும் நீரின் உஷ்ணம் 80 டிகிரியுமாக இருந்த நேரங்களை மட்டும் பிரித்தெடுத்து நோக்கினோம். முதற் பயணத்தில் 4 பார்; நான்காவதில் 2.6.

மறுநாள் விடியலில் படகு புறப்படவிருந்தது. ஓடிச்சென்று செய்தியைக் கூறினோம். படகோட்டியார் நகைத்தார். “எண்ணெய் குறையவே இல்லை, தம்பி. கம்பியில் முன்னைவிட ஏறித்தான் நிற்கிறது” என்றார். அச்சொல்லே எம்மை அச்சுறுத்தியது. மெக்கானிக் வந்து அளவுக்கம்பியை உருவி முகர்ந்தார்; டீசல் வாடை! இஞ்செக்டர் ஒன்று கசிந்து, டீசல் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்திருந்தது. இன்னும் ஒரு பயணம் போயிருப்பின், தாங்கிகள் தேய்ந்து நடுக்கடலில் யந்திரம் இறுகியிருக்கும் என்றார்.

படகு இரண்டு நாள் தாமதித்தே சென்றது. முன்னரே ஏற்றிய ஐஸ் கரைந்த நட்டத்திற்கு யார் பொறுப்பென்று உரிமையாளர் எம்மை வினவினார். முதலில் ‘குறையில்லை’ என்றவர்கள் யாமே ஆதலின் விடையிறுக்க நாவெழவில்லை. படகோட்டியாரோ இப்போது அரைமணிக்கொருமுறை வேகத்தைத் தவறாமல் எழுதுகிறார். அதனருகே, யாம் கேளாமலே, கம்பியில் எண்ணெய் நின்ற அளவையும்.